அறுநூறு ரூபாய் உப்பு

பொன்னேரியில் டாக்டர் அறைக்குள் இருந்தவர்கள்: நான், நைனா, அம்மா. இல்லாதவர்: நைனாவின் படகுக் கூட்டாளி கன்னியப்பன் மாமா. முக்கியமாக இருந்திருக்க வேண்டியவர் அவர்தான். அது எனக்குத் தெரிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். நைனாவுக்கு சுகர். நான் வீடியோ வீடியோவாகப் பார்த்து அவரை லோ-கார்ப் டயட்டுக்கு மாற்றினேன். சோறு கட். மீன், முட்டை, கீரை. பத்தாவது நாள், ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளிக்கொண்டிருந்தவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, வலை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி வீடியோ. மாவுச்சத்தைக் குறைத்தால் முதலில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் இறங்குமாம். கூடவே பொட்டாசியமும் போகுமாம். ஆன்லைனில் ஒரு டப்பா பொட்டாசியம் பவுடர் வாங்கினேன் — அறுநூறு ரூபாய். தினம் காலையில் தண்ணீரில் ஒரு ஸ்பூன். நான் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் வந்து டப்பாவைத் திறந்து பார்த்தால், சரியாக ஒரு ஸ்பூன் குறைந்திருக்கும். ஒரே வாரத்தில் கால் சரி.

அதையும் இங்கேதான் எழுதினேன். கொஞ்சம் மார்தட்டி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏரி நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்தில் எங்கள் வீட்டுக்குள் எழுத்தோடு எது வந்தாலும் — கரண்ட் பில், ரேஷன் மெசேஜ், மாத்திரை அட்டை — படித்துச் சொல்வது என் வேலை. அந்த டப்பாவையும் படித்தேன். முன்பக்கம் முழுக்க. பின்பக்கம்... போன செவ்வாய்க்கிழமைதான்.

எறும்பு சைஸில் ஒரு வரி. கிட்னிக் கோளாறு உள்ளவர்களும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது.

நைனா ஆறு வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த அட்டையைப் படித்து வாங்கி வருவது யார்? நான்தான்.

கரைக்கு ஓடினேன். வலை உதறிக்கொண்டிருந்தார்.

"நைனா, நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"நீ ஓடியாந்த ஓட்டத்தைப் பார்த்து அடிக்குது. இன்னாடா?"

படகேறிப் பழவேற்காடு, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் அம்மா பேசியது நைனாவின் நெஞ்சைப் பற்றியல்ல. அனுப்பம்பட்டில் என் அக்காவைக் கொடுத்திருக்கிறோம். அங்கே அனுப்பிய மடவைக் கருவாடு கசப்பதாக அக்காவின் மாமியார் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக வீட்டில் இதே பஞ்சாயத்து.

"இத்தினி வருசமா கருவாடு போடறேன். கசக்குதாம். அந்தம்மா நாக்குதான் கசக்குது."

"அம்மா, இங்க நைனாவுக்கு ஹார்ட்டு..."

"அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீ வாய மூடிக்கினு வா."

ஆனால் பொன்னேரி வரும்வரை நைனாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை.

டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். அதுக்கு மேல நீங்க ஸ்பூன் ஸ்பூனாப் போடறீங்க. அளவு மீறினா இதயத் துடிப்பே தடுமாறும். நின்னும் போகலாம். முன்கூட்டி எதுவும் காட்டணும்னுகூட இல்ல."

ஈசிஜி. ரத்தப் பரிசோதனை. பெஞ்சில் காத்திருக்கும்போது எண்ணிப் பார்த்தேன் — இருபத்தொரு நாள், இருபத்தொரு ஸ்பூன். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

ரிப்போர்ட் வந்தது. ஈசிஜி நார்மல். பொட்டாசியம் நார்மல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மாவின் புருவம் மட்டும் இறங்கவில்லை.

"சுகர் ஏறியிருக்கே. ஐயா, சோறு சாப்பிடறீங்களா?"

"சோறா? கண்ணால பார்த்தே ஒரு மாசம் ஆவுது, டாக்டரம்மா."

நான் கன்னியப்பன் மாமாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மாமா, நைனா படகுல சோறு சாப்பிடறாரா?"

"சத்தியமா இல்ல, மாப்ள."

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கஞ்சிதான். கால் இழுத்த அன்னிலேர்ந்து நான்தான் உப்பு போட்டு ஒரு சொம்பு தர்றேன். அது இல்லாம மச்சான் கோலையே தொட மாட்டேங்கறாரு."

நைனா மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். கால் எதனால் சரியானது என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவே சொன்னார் — பெரும்பாலும் அந்த உப்புக் கஞ்சியால்தான்.

"அப்ப அந்தப் பவுடர்?" என்று நைனாவைக் கேட்டேன்.

"நாக்குல வச்சேன். பித்தப்பை உடைஞ்ச மீனு மாதிரி ஒரே கசப்பு. உன் சம்பளக் காசாச்சே, ஏரியில கொட்ட மனசு வரல. அதுவும் உப்புதானேன்னு கருவாட்டு உப்புப் பானையில போட்டேன். தினம் ஒரு ஸ்பூன்தான்டா. நீ சொன்ன அளவு."

மறுபடி பிடித்திருந்த அவர் மணிக்கட்டை அம்மா விட்டாள். மெதுவாக.

டாக்டரம்மா பதறிப்போய், "அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டவங்களுக்கு ஏதாவது வியாதி இருக்கா?" என்றார்.

"வாய் மட்டும்தான், டாக்டரம்மா," என்றாள் அம்மா.

இருந்தாலும் அக்காவுக்கு போன் செய்து, அந்தக் கருவாட்டைத் தொட வேண்டாம் என்று சொன்னோம். அவர்கள் ஏற்கெனவே கோழிக்குப் போட்டுவிட்டார்களாம். உப்புப் பானையும் காலி செய்தாகிவிட்டது. நைனாவுக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு உப்பு என்பதை இனி டாக்டரம்மா சொல்வார். நான் படித்துக் காட்டுவேன். இரண்டு பக்கமும்.

எழுத்துக் கூட்டத் தெரியாதவர் நாக்கை நம்பித் தப்பித்தார். படித்த நான் பாதி டப்பாவைப் படித்துவிட்டு ஊருக்கே யோசனை சொன்னேன். என் பத்தியைப் பார்த்து யாராவது அந்தப் பவுடரை வாங்கியிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். டப்பாவையும் மாத்திரை அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

சம்பந்தியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அம்மா அதற்கு மட்டும் மசியவில்லை. வாய் திறக்காமல் இரண்டு கிலோ புதுக் கருவாடு அனுப்பிவைத்தாள்.

டப்பா, டாக்டர், டெஸ்ட், படகு, பஸ், மன்னிப்பு — எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.