புடையன் குட்டி ஈன்ற அறை

ஏழாம் மாதம். கர்ப்பப்பை வாயில் தையல் போட்ட டொக்டர், கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள் நான். ஆகவே கரவெட்டி வீட்டின் ஓர் அறையில் ஏழு கிழமையாகக் கிடந்தேன். கூரையில் எத்தனை சலாகை என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன், ஒருவரும் கேட்கவில்லை.

ஆனி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், கதவடியில் கிடந்த பழஞ்சீலை மூட்டைக்குப் பக்கத்தில் ஏதோ சீறியது. புடையன், கண்ணாடி விரியன் என்றும் சொல்வார்கள். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலிபோல் வட்டங்கள். நான் கத்தினேன். கணவர் தடியோடு ஓடி வந்து வாசலில் நின்றார்.

அப்போதுதான் பாம்பின் வால்பக்கத்திலிருந்து ஈரமாக ஒன்று வழுக்கி விழுந்தது. மெல்லிய தோலைக் கிழித்துக்கொண்டு தலை நீட்டியது. பிறகு இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் நான் வருடாவருடம் படிப்பிப்பதுதான்: புடையனின் முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிக்கும், குட்டி நஞ்சோடுதான் பிறக்கும், தாயின் வயிற்றைக் கிழித்து வரும் என்பது வெறுங்கதை. படிப்பிக்கும்போது பயம் வந்ததில்லை. இப்போது வந்தது. யன்னலில் கம்பி, வாசலில் பாம்பு. இறங்கினால் பிள்ளை போகும். இறங்காவிட்டால் குட்டிகள் கட்டிலடிக்கு வரும்.

"இஞ்சருங்கோ, அடியுங்கோ!"

அவர் அசையவில்லை. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது கணவன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாம்பென்றால் படையும் நடுங்கும். இவர் வழக்கத்துக்கு நடுங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானும் பிள்ளையும் செத்தாப்பிறகு உங்கடை வழக்கத்தைப் பாருங்கோ!"

"போனமுறை கிணத்தடியிலை சாரை ஒண்டை அடிச்சனான்," என்றார். "மூண்டாம் நாள் பிள்ளை போயிட்டுது. நான்தான் கொன்றனான். உமக்குச் சொல்லேல்லை."

அந்தப் பிள்ளை, நான் பஸ்ஸில் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனதால்தான் போனதென்று இரண்டு வருடம் தனியே அழுதவள் நான்.

அவர் தடியைப் போட்டுவிட்டு, மறுபக்கச் சுவரோடு ஒட்டி உள்ளே வந்து என்னைத் தூக்கினார். வெளியே வந்ததும் காலால் கதவைச் சாத்தினார். பின்னேரம் பாம்பு பிடிக்கிறவர் வந்து தாயையும் குட்டிகளையும் கொண்டுபோனார்.

மகளுக்கு இப்போது நாலு வயது. அன்றைக்குத் தான் பாம்பை அடிக்காததால்தான் அவள் தங்கினாள் என்று அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். "தையலாலை தங்கினவள்," என்று நான் ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுவேன். ரீச்சருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சொல்வதை ஒருதரம் ஒப்புக்கொண்டாலும், முந்திய பிள்ளையை அவர்தான் கொன்றதாகிவிடும்.