சும்மா சுற்றிய கவர்னர்

பிரான்ஸ் மாமா வந்து இறங்கிய அன்று எனக்கு ஒரு பை சொக்கிளேற்றும் முழங்கால் வரை வரும் ஒரு சோடிக் காலுறையும் கிடைத்தன. என் மச்சாளுக்கு ஒரு நீராவி இயந்திரம் கிடைத்தது. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் வீடு. ஆனபடியால் இந்த வித்தியாசத்தை என்னால் எந்த வகையிலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவள் அவருடைய மகள், நான் அவருடைய அக்காவின் மகள் என்பதெல்லாம் பத்து வயதில் எனக்கு ஒரு காரணமாகவே படவில்லை.

மாமா பிரான்சுக்குப் போனபோது மச்சாள் ஏணைத் தொட்டிலில் கிடந்தாளாம். நாட்டில் சண்டை முடிந்து, பாதை திறந்து, அங்கே அவருடைய விசாவும் சரிவந்து அவர் ஊர் திரும்பியபோது அவள் என்னோடு ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அதுவரை மாமா எங்களுக்கு ஒரு குரல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி தொலைபேசியை மச்சாளின் காதில் வைப்பார். அவள் "ஓம், படிக்கிறன், ஓம், சாப்பிட்டனான்" என்று சொல்லி முடித்துத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்த கையோடு, வேலியில் ஆட்கள் போய்வர விட்டிருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து எங்கள் வீட்டுக்கு ஓடிவருவாள்.

ஓடிவருவது என்னிடம் அல்ல. அப்பாவின் பட்டறைக்கு.

சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வளவின் முன்பக்கத்தில் அப்பா ஒரு லேத் மெசின் வைத்திருந்தார். சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் தங்கள் தண்ணீர் இறைப்பு மெசின்களைத் திருத்துவதற்கு அங்கேதான் கொண்டுவருவார்கள். வெங்காயக் காலத்தில் பட்டறை வாசலில் கால் வைக்க இடமிராது. அப்பா அதிகம் கதைக்காதவர். என் சைக்கிளின் பிரேக் பிடிக்கவில்லை என்று நான் எத்தனையோ தரம் சொல்லியும், "நாளைக்குப் பாப்பம் பிள்ளை" என்பதுதான் பதில். அதே அப்பா மச்சாள் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம், கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுவார். அவளும் அவரை ஒரு நாளைக்கு நூறு தரம் "மாமா, மாமா" என்பாள். இந்தக் கணக்கு என் மனதில் ஏற்கெனவே இருந்தது. நீராவி இயந்திரம் அதன் மேல் வந்து சேர்ந்தது.

முதல் நாள் பின்னேரம் மாமா எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுத் தங்கள் வீட்டு விறாந்தை மேசையில் அதை ஓட்டிக் காட்டினார். படுக்க வைத்த போத்தல் அளவில் ஒரு பித்தளைக் கொதிகலன். அதன் கீழே கற்பூரம் போன்ற வெள்ளை வில்லைகளை வைத்துப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்ததும் ஒரு சின்னத் தண்டு முன்னும் பின்னும் ஓட, சிவப்புச் சில்லு சுற்றத் தொடங்கியது. சில்லிலிருந்து போன ஒரு பட்டி, மரம் அரியும் விளையாட்டு வாள் ஒன்றை இழுத்து ஈர்க்குக் குச்சியை அரிந்தது. இன்னொரு பட்டி, எல்லாவற்றிலும் வடிவான ஒன்றைச் சுற்றியது. நிமிர்ந்த ஒரு கம்பி. அதன் இரண்டு பக்கமும் கைகள்போலத் தொங்கும் இரண்டு பித்தளைக் குண்டுகள். வேகம் கூடக் கூடக் குண்டுகள் விலகி மேலே எழும்பின. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சுக்குள் உண்மையாகவே வலித்தது.

"இவள் எந்த நேரமும் அத்தான்ரை பட்டறையிலைதான் நிக்கிறாள் எண்டு ரெலிபோனிலை சொல்லுவினம். அதுதான் கடைக் கண்ணாடிக்குள்ளை இதைக் கண்ட உடனை வாங்கினனான்" என்றார் மாமா. சொல்லும்போது மச்சாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாளின் பட்டி கழன்றது. இழுக்கப் பாரமில்லாமல் இயந்திரம் வெறிபிடித்ததுபோல ஓடியது. மேசை அதிர்ந்தது, கொதிகலனிலிருந்து ஆவி சீறியது. மச்சாள் பயந்து கத்திக்கொண்டு ஓடிப்போய் என் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் ஒளிவதற்கு நினைத்த இடமும் அதுதான். மாமா அவதிப்பட்டு ஒரு சீலைத்துண்டால் நெருப்பை அமத்தினார்.

இயந்திரம் ஆறியதும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பித்தளைக் குண்டுகளை ஒரு விரலால் தள்ளிச் சுழற்றினார்.

"இதுதான் கவர்னர். வேகத்தைப் பிடிக்கிற சாமான்" என்றார். "ஆனால் இது ஒண்டையும் பிடிக்கேல்லை. சும்மா சுத்துது. வடிவுக்கு வைச்சிருக்கிறாங்கள்."

கவர்னர் என்றால் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் திறந்துவைக்க வருகிறவர் என்றுதான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு மற்றவர்களைச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மச்சாள் முந்திக்கொண்டாள்.

"அப்ப இதை உண்மையா வேலை செய்ய வைக்கேலாதோ மாமா?"

"ஏன் ஏலாது? செய்யலாம் மருமோள்."

"விளையாட்டுச் சாமான்தானே அத்தான், விடுங்கோ" என்று பிரான்ஸ் மாமா சிரித்தார். ஆனால் அப்பா அதற்குள் கம்பியின் உயரத்தை விரலால் அளக்கத் தொடங்கிவிட்டார். ஒரு மெசின் அவருடைய கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மனிதர்கள் சொல்வது அவருடைய காதில் விழாது.

அடுத்து வந்த பின்னேரங்கள் எனக்கு நரகம். வெங்காயத் தோட்டக்காரர்களின் மெசின்கள் வாசலில் காத்திருக்க, அப்பா லேத்தில் பித்தளைத் துண்டைப் பூட்டிக் குண்டு கடைந்தார். மச்சாள் பக்கத்தில் நின்று பித்தளைச் சுருள்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் கேள்வி கேட்டாள். நான் கதவு நிலையில் சாய்ந்தபடி, எனக்கு இதில் எதுவுமே இல்லை என்ற முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கெதியாச் சுத்தினால் குண்டு இரண்டும் வெளியாலை விலகும்" என்று அப்பா சொல்லுவார். "விலகினால் இந்த வளையம் மேலை ஏறும். ஏறினால் இந்தக் கை ஆவி போற குழாயை அரைவாசி மூடும். ஆவி குறைஞ்சால்?"

மச்சாள் யோசிப்பாள். எனக்கு உடனே தெரியும். ஆவி குறைந்தால் வேகம் குறையும், குண்டுகள் இறங்கும், குழாய் திரும்பத் திறக்கும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே. கேட்காதவருக்குப் பதில் சொல்லக்கூடாது என்ற வைராக்கியத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கடைசியில் சரியாகச் சொல்லும்போது அப்பா அவளுடைய தலையில் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். கையில் எண்ணெய் என்பதால் புறங்கை. அந்தத் தட்டு ஒவ்வொன்றும் என் தலையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல எனக்கு இருக்கும்.

இடையில் ஒரு நாள் மாமா வான் பிடித்து எல்லாரையும் கீரிமலைக்குக் கூட்டிப்போனார். முன் இருக்கையில் தனக்குப் பக்கத்தில் வந்து இருக்கும்படி மகளைக் கூப்பிட்டார். அவள் "இஞ்சை இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். வழி முழுக்க வளையம், குழாய், குண்டு என்று அப்பாவோடு கதைதான். முன் இருக்கையில் மாமாவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே போனது. யன்னலோரம் காற்றுப் பிடிக்கலாமே என்று நான் போய் அதில் ஏறி இருந்துகொண்டேன். அவர் எனக்கு ஒரு ரொபி இனிப்புத் தந்தார். பிறகு கீரிமலை வரும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. மனுசனுக்கு வான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

கவர்னர் பூட்டி முடிந்த அன்று திரும்பவும் விறாந்தையில் கூட்டம் கூடியது. இயந்திரம் ஓடி, வாள் குச்சி அரிந்துகொண்டிருந்தபோது அப்பா, "இப்ப பட்டியைக் கழட்டு மருமோள்" என்றார். அவள் பயந்து பயந்து ஒரு தடியால் பட்டியைத் தள்ளிவிட்டாள். இயந்திரம் ஒரு கணம் பாய்ந்தது. குண்டுகள் அகல விரிந்தன, வளையம் ஏறியது, கை அசைந்தது. பாய்ந்த வேகம் தானாக அடங்கி, இயந்திரம் முன்னர்போல அமைதியாக ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். மச்சாள் துள்ளிப்போய் என் அப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

கைதட்டாதவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவர் மாமா.

"நல்லது அத்தான்" என்றார் மாமா. "நான் அங்கையிருந்து சுமந்துகொண்டு வந்தது என்னத்துக்கு? நீங்களே முழுசாச் செய்து குடுத்திருக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமி கெதியாக உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் மாமா பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். கவர்னரைக் கழற்றிக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "வாங்கின மாதிரியே இருக்கட்டும் அத்தான்" என்றார். அப்பாவின் இரண்டு கையிலும் கிறீஸ். அதனால் பொட்டலம் என் கைக்கு வந்தது. அப்பா திரும்பவும் மெசினில் குனிந்தார். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான்.

எனக்கோ கால் நிலத்தில் பாவவில்லை. அப்பா கடைந்த குண்டுகள் இப்போது என்னுடையவை. முற்றத்தில் குந்தியிருந்து கம்பியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். மச்சாள் அழுத கண்ணோடு வந்து நின்றாள்.

"குடு."

"தரமாட்டன். உன்ரை அப்பாதானே திருப்பித் தந்தவர். போய் அவரோடை சண்டை பிடி."

"அவர் அப்பா எண்டு நீங்கள் எல்லாரும்தான் சொல்லுறியள்" என்றாள். சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பட்டறைக்குள் போய்விட்டாள்.

எவ்வளவு திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரான்சிலிருந்து நீராவி இயந்திரம் கொண்டுவருகிற ஒரு அப்பாவை வேண்டாம் என்பதற்கு ஒருத்திக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்! எனக்கு வாய்த்தவர் ஒரு பிரேக்கையே திருத்தித் தராதவர்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா கண்ணயர்ந்திருந்த நேரம், மாமா திரும்பவும் வந்தார். கவர்னரைப் பறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் அதை மடியில் மறைத்தேன். அவர் பறிக்கவில்லை. என் முன்னால் வெறும் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். அந்த நல்ல நீலக் காற்சட்டை முழுக்கச் செம்மண்.

"பிள்ளை, இது எப்பிடி வேலை செய்யுது எண்டு உனக்குத் தெரியுமோ?"

என்னிடம் கேட்ட முதல் ஆள்! மடியிலிருந்ததை வெளியே எடுத்தேன்.

"தெரியும். கெதியாச் சுத்தினால் குண்டு இரண்டும் விலகும்…"

"பொறு, பொறு. மெல்லச் சொல்லு. எனக்கு உந்த மெசின் அலுவல் ஒண்டும் தெரியாது. நான் அங்கை ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியிலை கோப்பை கழுவுறவன்."

நான் மெல்லச் சொன்னேன். அவர் என் பின்னால் வாய்ப்பாடுபோலச் சொன்னார். வளையம் ஏறினால் குழாய் மூடும் என்ற இடத்தில் தடுமாறி, மூடும் என்பதற்குத் திறக்கும் என்றார். ஒரு ரீச்சரைப்போல முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு திருத்தினேன். முதலிலிருந்து திரும்பச் சொல்லவைத்தேன். கடைசியில் பிழையில்லாமல் முழுவதையும் சொல்லி முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரிதானே?" என்று கேட்டார்.

"சரி. ஆனால் இதை ஏன் பாடமாக்கிறியள் மாமா? உங்கடை மெசின்தானே?"

"அவ கேட்டால் சொல்லோணும்" என்றார். பிறகு, கையை நீட்டாமல், "இதைத் தருவியோ?" என்று கேட்டார்.

என்னிடம் பாடம் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் போனார்.

என் பாடம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? வேலிக் கிடுகு விலகியிருந்த ஓர் இடத்தில் கண்ணை வைத்தேன். மாமா விறாந்தை மேசையில் கவர்னரைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். திருகாணி இரண்டு தரம் கையிலிருந்து விழுந்தது. இரண்டாம் தரம் மச்சாள் உள்ளேயிருந்து வந்து, அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"இஞ்சை பார் பிள்ளை" என்று தொடங்கினார் மாமா. "கெதியாச் சுத்தினால் குண்டு இரண்டும்… வெளியாலை விலகும். விலகினால் இந்த வளையம் மேலை ஏறும்…"

ஒரு சொல் பிசகாமல் நான் சொல்லிக்கொடுத்தபடியே. மச்சாளுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒரு கிழமையாக என் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் தேய்த்த பாடம். இப்போது சிரிக்கப்போகிறாள், எனக்கு எப்பவோ தெரியும் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. மாமாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள்.

"அப்ப ஆவி குறைஞ்சால் என்ன நடக்கும், அப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் வேலியைப் பிய்த்துக்கொண்டு போகலாம்போல இருந்தது. நேரே குசினிக்கு ஓடினேன். அம்மா இரவுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவள் சரியான கள்ளி! எல்லாம் தெரிஞ்சுகொண்டு ஒண்டும் தெரியாத மாதிரி மாமாட்டைக் கேக்கிறாள். மாமாவுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்!"

அம்மா கத்தியை வைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். எழும்பிப்போய் வேலியடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"கேக்கட்டும்" என்றார். "நீ அங்காலை போய் ஒண்டும் சொல்லிப்போடாதை."

எங்கள் வீட்டில் அம்மாவும் அவள் பக்கம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.