பாறாங்கல் ஏற்றிய படகும் என் தங்கை பெரினாவும்

என் தங்கை பெரினா எதிர்த்து நின்று ஜெயித்தவை இவை. பிறந்த ஒன்பதாம் நாள் வந்த காய்ச்சல். பாதிரியார் அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போன பிறகு எழுந்து பால் குடித்தாள். பதினோரு வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த இடது மணிக்கட்டு. அந்த மணிக்கட்டோடு ஊர்ப் பெண்களின் துடுப்புப் போட்டியில் மூன்று முறை முதலாவதாக வந்தாள். கணவன் போரிலிருந்து திரும்பாத வீடு. கடைசியாக, நாற்பத்தைந்தாம் வயதில், கொழுந்தன் பிளாஜ்.

நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கடைசி வெற்றியைப் பற்றித்தான். நான் ஸ்தோஷியா, அவளுடைய அக்கா. நான்கு வகுப்பு படித்தவள். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது முர்த்தெர் தீவில். பெரினாவின் அறுபத்திரண்டு ஒலிவ மரங்கள் இருப்பது ரவ்னாவில், கடல் தாண்டி, இரண்டு மணி நேரத் துடுப்பு. அவளுக்குப் படகு கிடையாது. பிளாஜ்தான் தன் படகில் ஏற்றிக்கொண்டு போவான். அந்த வருடம் கோடை முழுவதும், "இன்னிக்கு இடமில்ல அண்ணி", "நாளைக்குப் பாப்போம் அண்ணி" என்று தள்ளிக்கொண்டே வந்தான். ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தது. "போக முடியாத மரத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க? நானே பாத்துக்கறேன்" என்றான். அறுவடைக்குள் சொந்தப் படகு இல்லையென்றால் தோப்பு அவன் கைக்குப் போய்விடும்.

ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போடும்படி லேசாகவும், பாய் கட்டினால் கவிழாமல் நிற்கும்படி கனமாகவும் ஒரு சிறு படகு வேண்டும். இவை இரண்டும் ஒரே படகில் அமைவது அபூர்வம். பெரினா ஏழு படகுகளைப் பார்த்தாள். கத்தி முனையால் பலகை பலகையாகக் குத்தினாள். புதிதாக வர்ணம் அடித்த படகென்றால் பக்கத்திலேயே போக மாட்டாள்.

"எதுக்கு அடிச்சான்? எத மறைக்க?"

எட்டாவது படகு தீவின் அடுத்த ஊர் ரோக்கோவுடையது. அதைப் பற்றித் தகவல் சொன்னவன் பிளாஜ். அதனாலேயே எனக்குக் கால் எழவில்லை.

"அவன் நமக்கு நல்லது நெனப்பானாடி?"

"நெனக்க மாட்டான். அதான் போய்ப் பாக்கணும்" என்றாள். "என்ன கெடுதல்னு தெரிய வேணாமா?"

ரோக்கோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். காலையில், கடல் அசையாமல் கிடந்தபோது, துடுப்பைக் கொடுத்தான். பெரினா நின்றபடி தள்ளினாள். படகு வாத்துபோல் வழுக்கிக்கொண்டு போனது. நான் அதிலேயே மயங்கிவிட்டேன்.

"பாய் கட்டிப் பாக்க மத்தியானமா வாங்கம்மா, காத்து எழும்பட்டும்" என்றான் ரோக்கோ. "அதுவரைக்கும் வீட்ல மீன் சாப்பிடுங்க. பக்கத்துலதான்."

மீனை நான் சாப்பிட்டேன். பெரினா முள்ளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வடமேற்குக் காற்று நன்றாகவே எழுந்தது. முக்கோணப் பாயை ஏற்றி ரோக்கோவே ஓட்டிக் காட்டினான். படகு சாயவே இல்லை. அலையை மிதித்துக்கொண்டு போய் வந்தது.

"வாங்கிடுடி" என்றேன், காதோடு.

அவள் துறைக் கல்லில் குப்புறப் படுத்து, படகின் பக்கவாட்டில் விரலை வைத்து அளந்தாள்.

"காலையில தண்ணிக்கு மேல செவப்பு வர்ணம் நாலு வெரக்கட தெரிஞ்சுது. இப்ப ஒண்ணுதான் தெரியுது. படகும் மீன் சாப்பிட்டுச்சா?"

ரோக்கோ பாயைக் காட்டினான். "அது... பாய் நனைஞ்சா கனக்கும்மா."

"கால்பலகையத் தூக்கு."

தூக்கவில்லை. அவளே தூக்கினாள். கீழே பதினெட்டுப் பாறாங்கற்கள், பச்சைப் பாசியோடு. காலையில் ஒன்றுகூட இல்லை. நாங்கள் சாப்பிட்ட நேரத்தில் ஏற்றியிருக்கிறான். துடுப்புக்குக் கல் இல்லாத படகு, பாய்க்குக் கல் உள்ள படகு. இரண்டைக் காட்டி ஒன்றாக விற்கப் பார்த்தான். கல் இல்லாமல் பாய் கட்டி, படகு சாய, பெரினா முதல் பயணத்திலேயே பயந்துபோய், மறுபடி பிளாஜின் படகுக்கே வரட்டும் என்பது கொழுந்தனின் ஏற்பாடு. அதை ரோக்கோ பிற்பாடு தானே உளறினான்.

நான் கிளம்பிவிட்டேன். சால்வையை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தும்விட்டேன். திரும்பிப் பார்த்தால் பெரினா துறைக் கல்லின் மேலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சாக்கு ஒலிவக்கா எத்தன கல்லு கனம் இருக்கும்?"

"ரெண்டு இருக்கும். ஏன்?"

"விடியக்காலையில காத்து இருக்காது. வெறும் படகுல துடுப்புப் போட்டுட்டுப் போவேன். திரும்பறப்ப காத்து இருக்கும். ஒம்பது சாக்கும் இருக்கும். எனக்குக் கல்லே வேணாம்."

ரோக்கோ கையைத் தேய்த்துக்கொண்டு அருகில் வந்தான். "அதத்தானம்மா நானும் சொல்ல வந்தேன்!"

"நீ ஒண்ணும் சொல்ல வரல. படகு பொய் சொல்லல, நீதான் சொன்ன. கல்ல எறக்கு. ஒவ்வொண்ணா. நான் பாக்கணும்."

இறக்கினான். முதுகைப் பிடித்துக்கொண்டு பதினெட்டையும் இறக்கினான். அடியில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பெரினா கையை விட்டுத் துழாவினாள். பிறகு, ஒலிவக்காய்க் கனத்துக்கு, ஒன்பது சாக்குகளில் மணல் நிரப்பி ஏற்றச் சொன்னாள். அவளே பாய் பிடித்து, தனியாக, வளைகுடா முனைவரை போய்த் திரும்பினாள். கயிறு கோணல் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

"எடுத்துக்கறேன்" என்றாள், இறங்கியதும்.

மறு சனிக்கிழமை துறைமுக அலுவலகத்தில் படகை அவள் பேருக்கு எழுதினார்கள். குமாஸ்தா பேனாவை நீட்டினார்.

"எழுதத் தெரியாதா? ஒரு சிலுவை போடுங்க, போதும்."

"சிலுவைய யார் வேணாலும் போடலாம். என் கொழுந்தனும் போடலாம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அக்கா, என் பேர எழுதிக் காட்டு."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என் பேர்தானா, உன் பேரா?"

"அடி பாவி, நான் உன் கூடப் பொறந்தவடி!"

"பிளாஜும் என் புருஷன் கூடப் பொறந்தவன்தான்."

குமாஸ்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். போதவில்லை. வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அந்நியரிடம் ஓடிப்போய் அவரையும் படிக்கச் சொன்னாள். இருவரும் ஒரே பேரைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். நான் எழுதியதைப் பார்த்து, எழுத்து எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. மை காயும்வரை உள்ளங்கையால் மறைத்து வைத்திருந்தாள்.

பத்திரத்தில் போட்ட தேதி: 1953, செப்டம்பர் 19.