நமுக்காத வெடியும் நடுங்கிய நாயும்

எங்கள் கம்பெனியின் சரக்கு ஓர் ஆண்டு நமுத்துப்போயிற்று என்ற பேச்சு சிவகாசிக் கடைவீதியில் இன்னும் முற்றிலும் ஓயவில்லை. ஈரம் ஏறி, திரி பற்றியும் வெடிக்காமல் புகைந்து அணைவதை நமுத்த வெடி என்பார்கள். வெடி செய்து விற்கும் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய பழிச்சொல் கிடையாது. அந்தச் சொல்லை எங்கள் சரக்கின்மேல் முதலில் சொன்னவர் போட்டிக்காரர் அல்லர்; என் மாமனார். வெளியூர் வியாபாரிகள் கேட்கும்படி, தம் வாயாலேயே சொன்னார். அவர் சொன்னது உண்மையன்று. ஏன் சொன்னார் என்பதை அறிந்தவர்களில் இன்று நான் மட்டுமே இருக்கிறேன். அவருடைய பெயருக்கு நான் செய்யவேண்டிய கடமை என்று கருதியே இதை எழுதுகிறேன். இதில் ஒரு நாய் வருகிறது. அதனால் எவரும் இதை வேடிக்கையாக எண்ண வேண்டாம்.

மதுரையில் பி.ஏ. முடித்த கையோடு, ஐம்பதுகளின் கடைசியில், விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு மருமகளாக வந்தேன். அந்த வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்தாலும் அவர் என் மாமியாரிடம் சொல்வார். மாமியார் என்னைப் பார்ப்பார். நான் மாமியாரிடம் விடை சொல்வேன். படித்தவளாகிய எனக்கு இது இழிவாகத் தோன்றியிருக்கும் என்று இந்தக் காலத்தவர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒரு வீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

எங்கள் வெடிகளைக் கல்கத்தாவில் விற்றுவந்த ஏஜெண்ட், அறுபதுகளின் தொடக்கத்தில் என் மாமனாருக்கு ஒரு நாயை அன்பளிப்பாக அனுப்பினார். ஊரைவிட்டுப் போன ஓர் ஆங்கிலேயக் குடும்பம் அவரிடம் விட்டுச் சென்றதாம். மெக்சிகோ தேசத்துச் சிவாவா இனம். நெல் அளக்கும் மரக்காலுக்குள் உட்கார வைத்தால் தலை மட்டும் வெளியே தெரியும். உடம்புக்குப் பொருந்தாத காதுகள், பிதுங்கிய கண்கள். கூடையைத் திறந்து பார்த்த என் மாமியார், “ஏத்தா, இது நாயா வௌவாலா?” என்றார்.

மாமனாரோ அளவற்ற மகிழ்ச்சி கொண்டார். வட இந்தியா முழுவதும் பெட்டியின் மேல் ஒட்டும் படத்தைப் பார்த்துத்தான் வெடி வாங்கினார்கள். கிளி, மயில், குதிரை எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். இப்படி ஒரு நாயை யாரும் கண்டதில்லை. அணுகுண்டு என்று நாங்கள் விற்ற பெரிய வெடியின் மேல் அந்தக் குட்டி நாய் முன்காலை ஊன்றி நிற்பதாக ஓவியரைக் கொண்டு படம் வரையச் செய்தார். அச்சகத்திலிருந்து மாதிரித் தாளும் வந்துவிட்டது. படத்தில் இருந்த நாய் மார்பை நிமிர்த்தி நின்றது.

வீட்டில் இருந்த நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. கரிசல் மண் வெடிக்கும் வெயிலிலும் நடுங்கியது. பாத்திரம் விழுந்தால் நடுங்கியது. அந்நியர் குரல் கேட்டால் நடுங்கியது. வேலைக்காரர்கள் வழியே செய்தி கடைவீதிக்குப் போயிற்று. எதிர்க் கடையில் இருந்த போட்டிக் கம்பெனிக்காரர் என் மாமனாரை நிறுத்திக் கேட்டாராம்: “அண்ணாச்சி, வெடிச் சத்தத்துக்கு நடுங்குற நாயையா வெடிப் பொட்டியில ஒட்டப் போறீக? வாங்குறவனும் சேந்து நடுங்கணுமாக்கும்!” சிரித்தவர்களில் எங்கள் உறவினரும் இருந்தனர். மாமனார் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நாயின் உடல்நிலை எங்கள் குடும்பத்தின் மானமாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் நாய் திடீரெனச் சாய்ந்து விழுந்தது. கால்கள் விறைத்து வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. சற்று நேரத்தில் எழுந்து, குடித்தவனைப்போலத் தள்ளாடியது. மாமனார் ஒரே பார்வையில் காரணத்தை முடிவு செய்தார். “மருந்து வாடை ஏறியிருக்கு. எவன்லே குளிக்காம நாயைத் தூக்குனது?”

மருந்து என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்து. அதைத் தொட்டு வேலை செய்தவர் கொல்லைப்புறத்தில் குளித்து வேட்டி மாற்றாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அந்த விதி நாய்க்கும் நீட்டிக்கப்பட்டது. தினமும் காலையில் கிணற்று நீரால் அதைக் குளிப்பாட்டினார்கள். வயிற்றில் இறங்கிய மருந்து வெளியேறட்டும் என்று காலைச் சோற்றையும் நிறுத்தினார்கள். வெடி ஊரில் வாழ்பவர்களுக்கே தோன்றக்கூடிய வைத்தியம் அது. வலிப்பு குறையவில்லை, அடிக்கடி வந்தது.

நாய் என்னிடம் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்ததால், அதை உற்றுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத்தான் இருந்தது. லாரியில் லோடு ஏற்றும் நாட்களில் ஆண்கள் நேரங்கழித்துச் சாப்பிட வருவார்கள். அவர்கள் உண்ட பிறகே நாய்க்கு; அன்று பெரும்பாலும் மிச்சம் இருக்காது. வலிப்பு பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் காலையில்தான் வந்தது. வயிறு காய்வதற்கும் வலிப்புக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று நான் ஐயுற்றேன். தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, கூடையில் நாயை வைத்துக்கொண்டு விருதுநகருக்குப் போய்க் கால்நடை மருத்துவரைப் பார்த்தேன்.

மாடுகளுக்கே பழகிய அவர் மேசைமேல் நின்ற உருவத்தைச் சுற்றிவந்து பார்த்தார். “எங்கிட்ட வந்ததுலயே சின்ன உருப்படி வெள்ளாட்டுக் குட்டிதாம்மா. இது நாய்தான்னு உறுதியாத் தெரியுமா?”

தெரியும் என்றேன். உச்சந்தலையில் விரலை வைத்தவர் சட்டென்று எடுத்தார். எலும்பு மூடாத மெத்தென்ற இடம் அங்கே இருந்தது. “பச்சப்பிள்ளைக்கு உச்சிக்குழி இருக்குமுல்ல, அந்த மாதிரி. இந்தச் சாதிக்கு மூடாமலே இருக்கும் போல. தலையில அடிபடாமப் பாத்துக்கோங்க.” பின்காலை மடக்கி நீட்டி, முழங்கால் சில்லு நழுவுவதைக் காட்டினார். நடக்கையில் இடையிடையே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுவதன் காரணம் அதுதான். பால்பற்கள் விழாமல் புதுப்பற்களோடு இரட்டை வரிசையாக நிற்பதையும் காட்டினார்.

என் ஐயத்தைக் கேட்டதும் தலையை அசைத்தார். “நெனச்சது சரிதாம்மா. இம்புட்டு உடம்புல எதைச் சேத்து வச்சிருக்கும்? வயிறு காஞ்சா ரத்தத்துல சர்க்கரை இறங்கி இழுக்குது. கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. இழுத்தா ஈறுல கருப்பட்டிப் பாகைத் தடவுங்க.” தினக் குளியலைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கும்மா? அது என்ன மருந்து ரூம்லயா வேலை பாக்குது?”

பிறகு குழாயை மார்பில் வைத்து நெடுநேரம் கேட்டார். விளையாட்டுப் பேச்சு நின்றது. “இருதயத்துல ஒரு இரைச்சல் இருக்கு. தொண்டக் குழலும் மெலிவு. கழுத்துல வார் போட்டு இழுக்காதீக. பயந்தா மூச்சு முட்டும். பெரிய சத்தத்தைக் கிட்டத்துல கேட்டா தாங்காது. அப்படியே நின்னு போனாலும் போயிரும். எந்த ஊருன்னு சொன்னீக?”

“சிவகாசி.”

அவர் குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

கருப்பட்டியும் வேளைக்கு வேளை ஒரு பிடிச் சோறும் வலிப்பை நிறுத்தின. என் மாமியார் வழியாக நான் சொல்லியனுப்பியதை ஏற்றுக் குளியலையும் மாமனார் நிறுத்தினார். நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. என்னைத் தவிர வேறு யார் கை நீட்டினாலும் உறுமியது. கணக்கப்பிள்ளையின் கட்டைவிரலைக் கடித்துவிட, அவர் தொப்புளைச் சுற்றி ஊசி போடவேண்டுமே என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதார். நாய்க்கு வெறியில்லை, அச்சம்தான் என்று அவரை நம்பவைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

ஆடி மாதத்தில் கல்கத்தா ஏஜெண்ட் நேரில் வருவதாகத் தந்தி வந்தது. சீசன் ஆர்டருக்கு முன்னால் மாதிரி வெடிகளை வியாபாரிகள் முன்னிலையில் வெடித்துக் காட்டுவது வழக்கம். அன்று மாலை மாமனார் கூடத்தில் உட்கார்ந்து மாமியாரிடம் சொன்னார். சின்னவள் என்று அவர் குறிப்பிடுவது என்னைத்தான்.

“சின்னவகிட்டச் சொல்லு. வெள்ளிக்கிழமை சாம்பிள் வெடிக்கிறோம். நாயைக் குளிப்பாட்டாம, தொடச்சு மட்டும் வைக்கட்டும். பொட்டலுக்குக் கொண்டுபோறேன். மேசை மேல அதை நிறுத்தி, பக்கத்துல பொட்டிய வச்சு, முத வெடி வெடிக்கையில போட்டோ எடுக்கணும். சிரிச்சவன் அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்.”

மாமியார் என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் செய்யாத ஒன்றைச் செய்தேன்.

“மாமா, அதைக் கொண்டுபோகாதீங்க. முதல் வெடியிலேயே செத்துப்போகும்.”

மாமனார் என்னைப் பார்க்காமல் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். “என்ன காரியம் செஞ்சே?” என்று மாமியார் மெல்லக் கேட்டார். கோபத்தைவிடப் பயமே அவர் குரலில் அதிகம். முடிவு மாறவில்லை என்பது மறுநாள் என் கணவர் மூலம் தெரிந்தது. நாய் வேறு யார் கையிலும் அடங்காது என்பதால் என்னையும் காரில் வரச் சொல்லியிருந்தார். ஆனால் காரைவிட்டு இறங்கக்கூடாது. ஆண்கள் கூடும் பொட்டலில் அந்த வீட்டுப் பெண் இறங்கி நின்றதில்லை.

வெள்ளிக்கிழமை, தாயில்பட்டிச் சாலையை ஒட்டிய பொட்டலில் கார் நின்றது. ஈரமே இல்லாத ஆடிக் காற்று புழுதியை வாரி வீசிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நாயை மடியில் வைத்து முந்தானையால் மூடியிருந்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்தது. வெளியே வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன் முகப்பில் மார்பு நிமிர்த்திய நாய்ப்படம், புகைப்படக்காரர், கல்கத்தா ஏஜெண்ட், வெளியூர் வியாபாரிகள், அவர்களுக்குச் சற்றுப் பின்னால், கைகட்டி நின்ற எதிர்க்கடைக்காரர். தள்ளி, புகையும் ஊதுபத்தியோடு ஓர் ஆள் முதல் வெடியின் அருகே குந்தியிருந்தான்.

மாமனார் காரை நோக்கி வந்தார். கதவைத் திறந்து, என் முகத்தைப் பாராமல், இரு கைகளையும் நீட்டினார். மறுக்க எனக்கு உரிமையில்லை. முந்தானையை விலக்கினேன்.

நாய் அவர் விரலைக் கவ்விக் கடித்தது. அவர் கையை இழுக்கவில்லை. அந்த நேரத்தில் தொலைவில் வேறு ஏதோ கம்பெனியின் பொட்டலில் ஒரு வெடி வெடித்தது. காற்று கொண்டுவந்து போட்ட மங்கிய ஓசைதான். நாயின் வாய் விரலைவிட்டு விலகியது. கழுத்து முன்னே நீண்டு, வாத்துக் கத்துவதைப்போல ஓர் இருமல் எழுந்தது. மீண்டும் மீண்டும் எழுந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. நாக்கு நீலம் பாய்ந்தது. நான் கருப்பட்டிப் பாகைத் தேடவில்லை; இது பசியன்று என்று தெரியும். தொண்டையை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தேன். “மாமா” என்று ஒரு சொல் மட்டும் சொன்னேன்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலில் கசிந்த இரத்தத்தை வேட்டி மடிப்பில் துடைத்தார். கதவை ஓசைப்படாமல் சாத்தினார். பிறகு திரும்பி, பொட்டல் முழுவதும் கேட்கும்படிக் கத்தினார்:

“நிறுத்துலே! திரியப் பத்த வைக்காதே. சரக்கு நமுத்திருக்கு!”

ஊதுபத்திக்காரன் அவர் சொன்னது புரியாமல் எழுந்து நின்றான். எதிர்க்கடைக்காரரின் குரல் காற்றோடு வந்தது. “ஆடிக் காத்துலயா நமுத்துச்சு அண்ணாச்சி?”

“நமுத்துத்தான் போச்சு. என் சரக்கு எனக்குத் தெரியாதா?”

அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நாய்க்கு உடல் நலமில்லை என்றிருந்தால், அச்சான படமும் சேர்ந்து சிரிப்புக்கு இடமாகியிருக்கும். மருமகள் மறித்தாள் என்றிருந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் என் பெயர் கடைவீதியில் உருண்டிருக்கும். அதை அவர் எண்ணியே பார்த்திருக்கமாட்டார். பழியைச் சரக்கின்மேல் ஏற்றினார். சரக்கு அவருடையது.

ஏஜெண்ட் காருக்கு வந்து, நான் ஆங்கிலம் அறிவேன் என்பதால் கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பேசினார். மடியில் கிடந்த நாயைக் கண்டு வருந்தினார். கல்கத்தாவில் தெருவெல்லாம் வெடி வெடிக்கும் காளி பூஜை நாட்களில் அது கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வராதாம். சத்தம் கேட்காத ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர் மனைவி கெஞ்சினாராம். வெடி செய்கிற ஊரில் யார் வெடிக்கப்போகிறார்கள் என்று எண்ணி எங்களுக்கு அனுப்பினாராம். பிறகு, சரக்கு உண்மையிலேயே நமுத்ததா என்று தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்.

“என் மாமனார் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்” என்றேன்.

அவர் அந்த ஆண்டு பாதி ஆர்டரை வேறிடத்தில் கொடுத்தார். ‘ஆடிக் காத்துல நமுத்த கம்பெனி’ என்ற பெயர் எங்களுக்கு நிலைத்தது. அணுகுண்டுப் பெட்டியில் நாய்ப்படம் ஒட்டப்படவில்லை. ஓவியரைக் கூப்பிட்டு, வெடியை அழித்து, ஓசையில்லாத கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு அதை மாற்றச் சொன்னார். அன்று வெடிக்காமல் திரும்பிய பெட்டிகளை அடுத்த பங்குனியில், எங்கள் ஊர் அம்மன் கோயில் பொங்கலில் கொளுத்தினார்கள். நாயோடு நான் விருதுநகரில் இருந்தேன். ஒன்றுகூட நமுக்கவில்லை என்று என் கணவர் வந்து சொன்னார். ஊர் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

பொட்டலிலிருந்து திரும்பிய அன்று மாலை மாமனார் விரலில் துணி சுற்றியபடி கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நான் தூணருகே நின்றிருந்தேன். நாய் என் முந்தானைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. அவர் மாமியாரிடம் திரும்பினார்.

“சின்னவகிட்டக் கேளு. அது ஏதாச்சும் சாப்பிட்டுச்சான்னு.”

மாமியார் என்னைப் பார்த்தார்.

“ஒரு பிடிச் சோறு சாப்பிட்டுச்சுன்னு சொல்லுங்க அத்தை” என்றேன்.