என் பெயருக்கு வந்த சிங்கப்பூர் பார்சல்

2005-ஆம் ஆண்டு. அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்த சமயம். பெரம்பலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பேராசிரியை. செல்போனுக்கு வரும் பலவீனமான சிக்னலைப் பெருக்கித் தரும் ஒரு சிப்பை வடிவமைத்திருந்தேன். மூன்று வருட உழைப்பு. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அதைத் தயாரித்து, பத்து சிப்புகளை கூரியரில் அனுப்பியிருந்தது. இரண்டு வாரத்தில் சோதித்து முடிவுகளை ஒரு மாநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

பார்சல் வரவே இல்லை. கூரியர் ஆபீசில் கேட்டால், "டெலிவரி ஆயிடுச்சுங்க மேடம், நீங்கதான் வாங்கியிருக்கீங்க" என்கிறார்கள். நான் வாங்கவில்லை என்று கத்தினால், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்கள். அதில் என் பெயர்! நான்கு நாள் சண்டைக்குப் பிறகுதான் தெரிந்தது, பார்சல் திருமானூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருக்கிறது. அங்கே என் பெயரிலேயே இன்னொரு பெண்மணி இருக்கிறாராம்.

இரண்டு பஸ் மாறி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போனேன். கரும்பு வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அந்த அம்மா, சாமி படத்துக்கு முன்னாலிருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தார். திறந்தால், என் சிப்புகள்! மேலே குங்குமம் வேறு. லேபில் நாங்கள் அவற்றை வெறுங்கையால் தொடவே மாட்டோம். உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே செத்துப்போய்விடும்.

"ஏம்மா, அடுத்தவங்க பார்சலை எதுக்குப் பிரிச்சீங்க? இதுல ஒண்ணு கெட்டாக்கூட எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" என்று கத்திவிட்டேன்.

"எம் பேருதானுங்களே போட்டிருந்துச்சு டீச்சரம்மா. சிங்கப்பூருலேருந்து வந்திருக்குன்னு கொண்டாந்தவரு சொன்னாரு. எம் மவன் அங்கதான் கட்டட வேலைக்குப் போயிருக்கான். நாலு மாசமா ஒரு போனு இல்லீங்க. உள்ள லெட்டரு எதும் இருக்குமான்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன்."

டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது, மகனுடைய பழைய கடித உறை ஒன்றைக் கொடுத்து, "அனுப்புனவங்ககிட்ட இவனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்குறீங்களா?" என்றார். சிங்கப்பூர் என்ன பக்கத்துத் தெருவா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டு, கல்லூரி போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

லேபில் சோதித்தால் பத்தில் நான்கு சிப்பு செத்திருந்தது. மறுபடி எரிச்சல். கூரியர்காரர்கள் மேல் புகார் எழுதலாம் என்று பழைய தாள்களை எடுத்தேன். நிறுவனத்துக்கு நான் பூர்த்தி செய்து அனுப்பிய படிவத்திலேயே பின்கோடு தப்பு; எண் மாறி, திருமானூர்ப் பக்கத்துப் பின்கோடாகியிருந்தது. கல்லூரியின் பெயரையும் விட்டிருந்தேன். ஊரையெல்லாம் திட்டிவிட்டேன், தப்பு என்னுடையது.

அன்றே அந்த நிறுவனத்தில் எனக்குப் பழக்கமான தமிழ் ஊழியருக்கு, கூச்சத்தோடு, உறையிலிருந்த முகவரியை மெயிலில் அனுப்பினேன். அவர் லீவு நாளில் தேடிப் போயிருக்கிறார். பையனுக்கு வேலையிடத்தில் கால் முறிந்திருந்தது. அம்மா பயந்துவிடுவார் என்று மறைத்திருக்கிறான்.

அடுத்த வாரம் கல்லூரிக்கு ஒரு போன். "டீச்சரம்மா, எம் புள்ள பேசிட்டான்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

மீதி ஆறு சிப்புகளை வைத்து, கெடுவுக்குள் முடிவுகளை அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று அவரிடம் கத்தியதற்கு ஒரு மன்னிப்பு கேட்க அந்தப் போனில்கூட எனக்கு வாய் வரவில்லை. இன்றும் யார்மீதாவது குரலை உயர்த்தப் போனால், லெட்டர் தேடிய அந்த அம்மாவின் முகம் வந்து என்னை நிறுத்திவிடுகிறது.