வாசல் லைற்

நம்பாதவர்கள் விடத்தல்தீவுக்கு வந்து கரையில் இருக்கும் என் மீன் வாடியைப் பாருங்கள். கமெரா பூட்டிய ஓட்டைகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. பேய்க் கதை கட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. மீன் வாங்கி, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றுகிறவள் நான்.

கடலால் வருகிறவர்கள் எஞ்சினையும் வலையையும் என் வாடிக்குள்தான் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பக்கத்து வாடியில் ஒரு எஞ்சின் களவு போனது. என்னிடத்தில் ஒன்று போனாலும் பிறகு ஒருவரும் என்னை நம்பமாட்டார்கள். மன்னார் டவுனில் கமெராக் கடை வைத்திருக்கும் இன்ஸாப்பிடம் போனேன். வைஃபை கமெரா உப்புக் காற்றுக்குத் தாங்காது, வயர் இழுத்து றெக்கோடரோடு எடுங்கோ என்றான். வாசலுக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று. முழு நேரமும் பதிந்தால் ஹாட் டிஸ்க் கெதியில் நிரம்பிவிடுமாம். அதனால் ஆள் தெரிந்தால் மட்டும் பதிகிற சொஃப்ட்வெயரைத் தெரிவு செய்தேன். ஆளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும். வாசல் கமெராவில் விழுந்தால் போனுக்கும் தகவல் வரும்.

ஒரே ஒரு இடைஞ்சல், வாசலில் எரிந்த லைற்.

எங்கள் கரையில் ஒருவன் கடலால் திரும்பாவிட்டால், உடல் கிடைக்கும்வரை அவன் இறங்கிப் போன வாடியின் லைற்றை அணைக்கமாட்டோம். றோசம்மாக்காவின் மகன் றொசாந்தன் மாசியில் என் வாடியிலிருந்து தனியாகப் போனவன். படகு மட்டும்தான் வந்தது. தினமும் பொழுதுபட றோசம்மாக்கா செபமாலையோடு வந்து, லைற் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

"லைற் நேரா லென்ஸுக்க அடிக்குது அக்கா. இருட்டிலதான் இது வடிவாப் பாக்கும்" என்றான் இன்ஸாப்.

றோசம்மாக்கா போன பிறகு அணைத்தேன். விடியமுன் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அன்றிரவு 1.40. டிங்... போனைப் பார்த்தேன். வாசலில் பச்சைக் கட்டம். கட்டத்துக்குள் ஆள் இல்லை, மணல் மட்டும்.

கட்டம் ஆள் உயரத்தில் நின்றது. மெல்ல அசைந்தது. பக்கத்து வாடிப் பக்கம் போய்த் திரும்பியது. சுவரோரமாகப் போனது... கண் தெரியாதவர் தடவிக்கொண்டு போவதுபோல.

காலையில் இன்ஸாப்புக்குக் கோல் எடுத்தேன். பூச்சியாக இருக்கும் அக்கா என்று சிரித்தான். எனக்கும் சிரிக்க விருப்பம்தான். களவுக்குப் பயந்து அன்றும் லைற்றை அணைத்தேன்.

டிங்...

இந்த முறை போனில் சத்தமும் கேட்டது. சளக்... சளக்... ஈரக் காலடி. பிறகு சுவரில் கை உரசும் சத்தம்.

எனக்கு விளங்கிவிட்டது.

அவனுக்கு வாசல் தெரியவில்லை.

வீட்டிலிருந்து வாடிக்கு ஓடினேன். சுவிச்சைப் போட்டேன்.

சத்தம் இல்லை. ஆள் இல்லை. மணல் காய்ந்து கிடந்தது.

அதன் பிறகு நான் லைற்றை அணைக்கவில்லை. போனும் அடிக்கவே இல்லை. அவன் போய்விட்டான் என்று நினைத்து நிம்மதியாகப் படுத்தேன்.

ஒரு கிழமை ஆகவில்லை. றெக்கோடர் கத்தத் தொடங்கியது. பீப்... பீப்... டிஸ்க் நிரம்பிவிட்டது. இன்ஸாப் வந்து பதிவுகளைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது.

"அக்கா, இரவில வாடிக்க ஆர் படுக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை தம்பி. பூட்டிட்டுத்தான் போறனான்."

திரையை என் பக்கம் திருப்பினான். உள் கமெரா. நான் சுவிச்சைப் போட்ட அதே நிமிடத்தில் பதிவு தொடங்கியிருந்தது. பூட்டிய வாடிக்குள், வலைக் குவியலுக்குப் பக்கத்தில், றொசாந்தன் எப்போதும் குந்தும் இடத்தில் ஒரு பச்சைக் கட்டம். விடியும்வரை அசையவில்லை.

அடுத்த இரவு மூன்று கட்டங்கள்.

அதற்கடுத்த இரவு... சுவரோரம் முழுக்க.

றொசாந்தன் தனியாகத்தான் போனவன்.

கமெராக்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். றோசம்மாக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, லைற்றை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் லைற்றை நிமிர்ந்து பார்த்தார்.

"எரியட்டும் பிள்ளை. அதுகளுக்கும் தாய்மார் இருப்பினம்தானே."

எரிகிறது. பொழுதுபட்டால் நான் உள்ளே போவதில்லை.

காலையில் பூட்டைத் திறக்கும்போது வலைகள் காய்ந்துதான் கிடக்கின்றன. சுவரோரச் சீமெந்துத் தரை மட்டும் ஈரம்.