ஆறு சொடுக்கு

பெர்னார்ட் காரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராகப் பின்னால் போய்க் குந்துகிறார். டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். விரல் உள்ளே போகாவிட்டால் முகம் கறுத்துவிடும். "ரேடியலா?" என்று கேட்பார், வீட்டுக்குள் பாம்பா என்று கேட்கிற குரலில்.

மண்டி மொஹல்லாச் சந்தில், இரண்டு கார் நின்றால் மனிதர் ஒருக்களித்து நடக்க வேண்டிய கொட்டகை அவருடையது. நானூறு மீட்டரை நேர்கோட்டில் பாய்ந்து கடக்கும் டிராக் ரேஸ் கார்களுக்கு ஷாக் அப்சார்பர் சரிசெய்வது தொழில். அவர் கை வைத்த வண்டியின் பின்கண்ணாடியில் 'பெர்னார்ட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும். உலகத்தின் மீது அவருக்குப் பல கோபங்கள். தலையாயது, டயரை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் மீது.

"பழைய டயரு தொளதொளன்னு இருக்கும். கிளம்பறப்போ விழற அடியை அதுவே மடிஞ்சு வாங்கிக்கும். வழுக்கினாலும் திரும்பப் பிடிச்சுக்கும். ரேடியல் அப்படி மடியாது குரு. ஒருவாட்டி பிடி விட்டுதா, விட்டதுதான். அதனால பின்னாடி ஷாக்கு வெடுக்குனு நீளாம நிதானமா நீளணும். ஷாக்குல இருக்கற குமிழைச் சொடுக்கு சொடுக்காத் திருகி இறுக்கணும். சொன்னா, டயர்தானே மாத்தினேன்ங்கறான். செருப்பு மாத்தினாலே நடை மாறுது."

இவ்வளவு நியாயம் பேசுகிறவரின் ஸ்கூட்டரில் பின் ஷாக் செத்து மூன்று வருஷமாகிறது. பள்ளம் வந்தால் எழுந்து நின்றுகொள்கிறார். நர்ஸான மனைவி சகாயமேரி டியூட்டிக்கு ஆட்டோவில்தான் போகிறார். "ஊரு வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறாரு, என் இடுப்புக்கு யாரு பாக்கறது?" என்பது அவர் கேள்வி. அப்போதெல்லாம் பெர்னார்ட் ரோடு போட்டவர்களைத் திட்டுகிறார்.

சனிக்கிழமை மதியம் மனோஜ்குமார் வந்தார். கிரானைட் வியாபாரி, முப்பது வயது. மறுநாள் ரேஸ். வண்டியில் புது ரேடியல். காற்று மட்டும் பார்த்துத் தரச் சொன்னார்.

"ஷாக்கு?" என்றார் பெர்னார்ட்.

"பேடா அங்கிள், வேண்டாம், தொடாதீங்க. போன மாசம் இதே செட்டிங்லதான் ஜெயிச்சேன். லக்கி செட்டிங்."

"போன மாசம் வேற டயர்ல ஜெயிச்சே. நாளைக்குப் பாதி தூரத்துல பின்னாடி விட்டுதுன்னா, ஓரத்துச் சுவரு உன் ராசியெல்லாம் கேக்காது."

"நீங்க எப்பவும் பயமுறுத்துவீங்க."

பெர்னார்ட் பிளேடை எடுத்தார். பின்கண்ணாடியிலிருந்து தன் பெயரைச் சுரண்டினார், ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லாமல். "என் பேரோட போய் முட்டாதே."

மனோஜ்குமார் சிரித்தார். போன் அடிக்கவே, சந்துக்குப் போய்ப் பேசத் தொடங்கினார்.

பெர்னார்ட் காற்றளவு பார்க்கும் மீட்டரை டயர்மேல் வைத்துவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார். வலப்பக்கக் குமிழில் சொடுக்குச் சத்தம், ஆறு. பிறகு முதுகாலேயே நகர்ந்து இடப்பக்கம், ஆறு. வெளியே வந்து காற்றையும் பார்த்தார். பொய் சொல்லக் கூடாதல்லவா.

"காத்து சரியா இருக்கு," என்று சாவியை நீட்டினார். கார் சந்து முனை திரும்பும்வரை பின்சக்கரத்தையே பார்த்தபடி நின்றார். அப்புறம் சுரண்டிய ஸ்டிக்கரைத் தரையிலிருந்து பொறுக்கி, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.